கீழ்த் தாழ்ப்பாள்

ஏப்ரல் 12, சனி

செலின் அக்கா சொன்னதால் எழுதுகிறேன். பக்கவாதம் வந்த அப்பாவுக்குப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் அவர். "என்ன சாப்பிட்டாங்க, என்ன பேசினாங்க, எதெல்லாம் மறந்தாங்கன்னு தினமும் எழுதி வை குழலி. அடுத்த தடவை டாக்டருக்கு உதவும்" என்றார். தாவரவியல் ரெக்கார்டு நோட்டில் பாதிப் பக்கம் காலியாக இருக்கிறது. பிளஸ் டூ பரீட்சை முடிந்துவிட்டதால் இனி அதற்கு வேறு வேலையில்லை.

அப்பா: இடது கை தூக்க முடியவில்லை. நடக்கிறார், ஒரு காலை இழுத்து இழுத்து. காலையில் இரண்டு இட்லி. என் பெயரைச் சரியாகச் சொன்னார். இன்று என்ன கிழமை என்று செலின் அக்கா கேட்டதற்கு, "அதைத் தெரிஞ்சு நான் என்ன செய்யப் போறேன்" என்றார். இது மறதியா குசும்பா தெரியவில்லை. இரண்டும் என்று குறித்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. பாயசம் வைத்தோம். அப்பாவுக்குச் சர்க்கரை கூடாது என்பதால் அம்மாவும் குடிக்கவில்லை. மீதி முழுவதும் நான்தான்.

ஏப்ரல் 17, வியாழன்

சாயங்காலம் அப்பா நாற்காலியிலிருந்து தானாக எழுந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டே வாசல்வரை போய்த் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார். யாரும் கூப்பிடாமல் அவ்வளவு தூரம் நடந்தது இதுதான் முதல் தடவை. நான் கைதட்டினேன்.

அடுப்படியிலிருந்து வந்த அம்மா திறந்திருந்த கதவைப் பார்த்தாள். உடனே போய்ச் சாத்தினாள். "காத்து வரட்டும்னு தொறந்திருப்பாக" என்றாள்.

வெளியே ஓர் இலைகூட அசையவில்லை.

ஏப்ரல் 19, சனி

நேற்றும் இன்றும் அதேபோல. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வீடு சேரும் நேரத்தில் எழுந்து போய்த் திறக்கிறார். அம்மா சாத்துகிறாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுகிறார். இன்று அம்மாவிடம், "வந்துட்டானா?" என்று கேட்டார்.

"பால்காரன் அப்பவே வந்துட்டுப் போயிட்டான்" என்றாள் அம்மா.

எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுவது ஒரு அக்கா.

ஏப்ரல் 21, திங்கள்

செலின் அக்காவிடம் கதவு விஷயத்தைச் சொன்னேன். "இந்த மாதிரி வந்தவங்களுக்கு நேத்து நடந்தது மறந்துரும். பல வருசத்துக்கு முன்னால நடந்தது பக்கத்துல வந்து உக்காந்துக்கும். பழைய வீட்டு ஞாபகமா இருக்கும்" என்றார்.

பழைய வீடு கல்லிடைக்குறிச்சியில். எனக்கு ஐந்து வயது இருக்கும்போது அதை விட்டுவிட்டுப் பாளையங்கோட்டைக்கு வந்தோம். அதன்பின் ஒருமுறைகூட அங்கே போனதில்லை. தாமிரபரணி ஊரெல்லாம் ஓடுகிறது. நாங்கள் குளிக்கப் போனதில்லை. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நம்பி அண்ணன் அந்த ஆற்றில்தான் போனான். அப்போது அவன் பத்தாம் வகுப்பு.

நான் கேட்டு வளர்ந்தது இவ்வளவுதான்: அண்ணனுக்கு மாசானம் என்று ஒரு கூட்டாளி. படிப்பு ஏறாத பயல். பள்ளிக்கூடம் விட்டதும் அண்ணனை வீட்டுக்கு வரவிடாமல் நேரே ஆற்றுக்கு இழுத்துக்கொண்டு போனான். அண்ணனுக்கு நீச்சல் தெரியாது. அவன் மட்டும் கரையேறி வந்தான்.

இதைச் சொல்வது எப்போதும் அம்மாதான். அம்மா சொல்லும்போது அப்பா எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார்.

ஏப்ரல் 24, வியாழன்

அப்பா: ரசத்தில் உப்பு இல்லை என்றார். உண்மைதான். இல்லை.

ஏப்ரல் 26, சனி

அப்பாவைப் பற்றி எழுதச் சொன்ன நோட்டில் என்னைப் பற்றி எழுதலாமா தெரியவில்லை. நேற்று அந்தக் கனவு மறுபடி வந்தது.

எனக்குக் காய்ச்சல். யாரோ கதவைத் தட்டுகிறார்கள். பலமாக இல்லை; அக்கம்பக்கத்தில் கேட்டுவிடக்கூடாது என்பதுபோல. "குழலி, தொற குழலி. அண்ணன் வந்திருக்கேன்லா" என்று ஒரு குரல். நான் கதவுப் பக்கம் போகிறேன். கை தாழ்ப்பாளுக்கு எட்டவில்லை. அவ்வளவுதான், விழிப்பு வந்துவிடும்.

சின்ன வயதில் இதைச் சொல்லி அழுதபோதெல்லாம் அம்மா நெற்றியில் திருநீறு பூசி, "அது காய்ச்சல்ல வந்த கனவு. அண்ணன் ஆத்தோட போயிட்டான், அவன் எப்படிட்டி வந்து கதவத் தட்டுவான்" என்பாள். நியாயம்தானே. பள்ளிக்கூடத்திலிருந்து நேரே ஆற்றுக்குப் போனவன் வீட்டுக் கதவைத் தட்டியிருக்க முடியாது.

கனவுதான்.

ஏப்ரல் 30, புதன்

பக்கத்து வீட்டுப் பையனுக்கு எட்டாம் வகுப்பு முழுவருஷத் தேர்வு முடிந்திருக்கிறது. கணக்கு வினாத்தாளை எடுத்துவந்து அப்பாவிடம் காட்டினான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்பா கல்லிடைக்குறிச்சியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். நம்பவே முடியாது. எனக்குத் தெரிந்து அவர் அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறவர். ஒன்பதாம் வகுப்பில் எனக்கு நிகழ்தகவு புரியாமல் அவரிடம் போனேன். "உங்க மிஸ்ஸுகிட்டக் கேட்டுக்கோம்மா" என்றார். என் மதிப்பெண் பட்டியலில் எப்போதும் அம்மாவின் கையெழுத்துதான். எவ்வளவு எடுத்தாய் என்று அவர் கேட்டதே இல்லை. தோழிகள் எல்லாம், "உங்கப்பா மாதிரி எனக்கு இல்லையே" என்பார்கள். நானும் பெருமையாகத்தான் இருந்தேன்.

பிளஸ் ஒன்னில் கணக்கு இல்லாத குரூப் எடுத்தேன். அதற்கும் அவர் எதுவும் சொல்லவில்லை. அம்மாதான் பெருமூச்சு விட்டாள். நிம்மதியாக விட்டதுபோல் இருந்தது.

மே 8, வியாழன்

ரிசல்ட். 541. விலங்கியலில் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் குறைவு. மற்றபடி சந்தோஷம்.

ஆனால் எழுதவேண்டியது அது இல்லை.

வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது என்று வாசலில் நின்றுதான் போனில் பார்த்தேன். பார்த்துவிட்டுத் திரும்பினால் அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். முகமெல்லாம் கண்ணீர். நல்ல கையால் என் தோளைப் பிடித்தார். "மார்க்கு கெடக்கட்டும். உள்ள வந்துரு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். உள்ள வந்துருய்யா" என்றார்.

அப்பா, நான் பாஸ் பண்ணிவிட்டேன் என்றேன். அவருக்கு அது கேட்கவில்லை. "உள்ள வா, உள்ள வா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

என்னை அவர் ஒருநாளும் 'ய்யா' என்று கூப்பிட்டதில்லை.

அம்மா கையில் சீனி டப்பாவோடு நின்றாள். எனக்கு வாயில் போட எடுத்துவந்த சீனி. போடாமலே உள்ளே போய்விட்டாள்.

மே 9, வெள்ளி

அம்மாவிடம் கேட்டேன். "அன்னைக்கு அண்ணன் வீட்டுக்கு வந்தானாம்மா?"

"தலைக்கு எண்ணெய் வச்சியா நீ?" என்றாள்.

மே 11, ஞாயிறு

அம்மா காய் வாங்கப் போயிருந்தாள். அப்பா வழக்கம்போல் எழுந்தார். நான் இந்தத் தடவை தடுக்கவில்லை, உதவவுமில்லை. அவர் திறந்ததும் பக்கத்தில் போய், "யாருப்பா வெளிய நிக்கா?" என்று கேட்டேன்.

இதில் என்ன கேள்வி என்பதுபோலப் பார்த்தார். "நம்பிதான்."

"ஏன் வெளிய நிக்கான்?"

"நாந்தான் தாப்பா போட்டுட்டேன். அரையாண்டுல கணக்குல பெயில். இருபத்திரண்டு மார்க்கு. வாத்தியான் மவன்! ஸ்டாஃப் ரூம்ல எல்லாவனும் சிரிக்கான்." குரல் உயர்ந்தது, பிறகு இறங்கியது. "விளக்கு வைக்கிற நேரத்துல தொறந்துரணும். ரொம்ப நேரம் போட்டுரக் கூடாது. உங்கம்மாகிட்டச் சொல்லிராத, அவ இப்பவே தொறந்துருவா."

"இப்ப இருக்கானாப்பா?"

அப்பா வெளியே எட்டிப் பார்த்தார். தெருவில் ஒரு ஸ்கூட்டர் போனது. நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

நான் திரும்பியபோது அம்மா கேட்டருகே நின்றிருந்தாள். எப்போது வந்தாள் தெரியாது. பையிலிருந்து கத்தரிக்காய் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்துகொண்டிருந்தது. அவள் குனியவில்லை.

மே 12, திங்கள்

அம்மா சொல்லிவிட்டாள். சொன்னபடியே எழுதப் பார்க்கிறேன். அடுப்படியில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டு சொன்னாள்.

"பொங்கல் லீவு முடிஞ்சு பேப்பர் குடுத்த அன்னைக்கு. அப்பா முன்னாலயே வந்துட்டாக. கீழ்த் தாப்பாவப் போட்டுட்டு, இன்னைக்கு அவன உள்ள விடாத, கொஞ்ச நேரம் தெருவுல நின்னா புத்தி வரும்னாக. எனக்கும் அது சரின்னுதான் பட்டுது. பொய் சொல்லல. நானும்தான் கோவமா இருந்தேன். அவன் வந்தான். தட்டினான். அம்மா, அம்மான்னான். நான் அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தேன். போய்ப் படிச்சுட்டு வாலேன்னு உள்ள இருந்தே சத்தம் போட்டேன். அப்புறம் சத்தத்தக் காணல. விளக்கு வைக்கயில அப்பா போய்த் தொறந்தாக. ஆள் இல்ல. கூட்டாளி வீட்டுக்குப் போயிருப்பான்னு நெனச்சோம்."

குழாயை மூடினாள்.

"ஆத்துல இருந்து தூக்கிட்டு வந்தாங்க. வீடு கொள்ளாத கூட்டம். எப்படி, எதுக்குப் போனான்னு எல்லாரும் கேக்காங்க. அப்பாவால வாயத் தொறக்க முடியல, அப்படியே கல்லாட்டம் உக்காந்திருக்காக. அவுக சொல்லிருவாகளோன்னு எனக்குப் பயம். அந்தப் பய நனைஞ்ச உடுப்போட வாசல்ல நிக்கான். நான் கையக் காட்டினேன். இவந்தான் கூட்டிட்டுப் போனான், பள்ளிக்கூடத்துல இருந்து நேரா இழுத்துட்டுப் போயிட்டான்னு சொன்னேன்."

"அதுக்கப்புறம்?"

"உங்க பெரியப்பா மக்களெல்லாம் அவன அடிச்சாங்க."

"நீ பாத்துக்கிட்டா இருந்தே?"

அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். "அப்பா ஒருநாளும் அத மாத்திச் சொல்லல. நான் சொன்னதுன்னு விட்டுட்டாக. ஆனா மறுபடி பள்ளிக்கூடம் பக்கம் போகல" என்றாள்.

"எனக்கு ஏன்மா கனவுன்னு சொன்னே?"

"சின்னப் பிள்ள, எங்கயாவது சொல்லிருவேன்னுதான்."

மே 13

அம்மாவோடு பேசவில்லை.

மே 14

இன்றும் பேசவில்லை. அப்பாவுக்கு ஊட்டிவிட்டேன். எதற்கு என்று தெரியாமல் அவர்மேல் கோபம் வந்தது. ஸ்பூனை வேகமாக வைத்துவிட்டேன். "பசிக்கலம்மா" என்றார் பயந்துபோய். அறைக்கு வந்து அழுதேன்.

மே 16, வெள்ளி

காலேஜ் விண்ணப்பம் என்று சொல்லிவிட்டுக் கல்லிடைக்குறிச்சி வழியாகப் போகும் பாபநாசம் பஸ்ஸில் ஏறினேன். சேரன்மகாதேவி தாண்டியதும் ஆறு சாலைக்குப் பக்கத்திலேயே வந்தது. நான் மறுபக்கம் பார்த்துக்கொண்டேன்.

முதலில் பழைய வீட்டுக்குப் போனேன். வாய்க்காலை ஒட்டிய தெரு என்று மட்டும் ஞாபகம். கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தேன். இப்போது வேறு குடும்பம். சின்ன வயதில் இங்கே இருந்தோம் என்றதும் அந்த அம்மாள் உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார். வீடு பெயிண்ட் மாறியிருந்தது. வாசல் கதவு பழைய கதவுதான்.

கதவில் இரண்டு தாழ்ப்பாள். மேலே ஒன்று; நான் இப்போதே எக்கித்தான் தொடவேண்டும். கீழே ஒன்று. அது என் இடுப்புக்குச் சற்றே மேலே இருக்கிறது.

அப்பா மேலே உள்ளதைத்தான் போட்டிருப்பார். அம்மா எவ்வளவோ வருஷத்துக்கு முந்தியதைச் சொல்கிறாள், மாற்றிச் சொல்லியிருப்பாள். மேல் தாழ்ப்பாள்தான். அதுதான் எனக்கு எட்டியிருக்காது.

மாசானத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. மார்க்கெட்டில் வாழையிலைக் கடை. ஈரச் சாக்குமேல் சம்மணமிட்டு உட்கார்ந்து இலைகளை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். கழுத்தில் துண்டு. முன்நெற்றியில் முடி கொட்டத் தொடங்கியிருந்தது. அண்ணன் போட்டோவில் எப்போதும் அரைக்கால் சட்டையில் இருப்பதால் அவன் கூட்டாளியும் அப்படியே இருப்பான் என்று நினைத்துவிட்டேன் போல.

"எத்தன இலை வேணும்?"

"நான் சிதம்பரநாதன் சார் மகள்."

கை நின்றது. "பாப்பாவா? குழலியா?" எழுந்துவிட்டார். பிறகு என்ன நினைத்தாரோ மறுபடி உட்கார்ந்தார். "சார் நல்லா இருக்காகளா?"

பக்கவாதம் என்று சொன்னேன். தலையை ஆட்டினார். நான் பஸ்ஸில் கோத்துவைத்திருந்த வாக்கியமெல்லாம் எங்கோ போய்விட்டது. "அண்ணன் அன்னைக்கு எங்க வீட்டுக் கதவத் தட்டினான். அப்பா திறக்கல. இந்த வாரம்தான் எனக்குத் தெரியும்" என்றேன்.

மாசானம் கையிலிருந்த இலையை இறக்கி வைத்தார். இலை வாங்க வந்த ஒருவரைக் கையசைத்து அனுப்பிவிட்டார்.

"நானும் அன்னைக்கே சொன்னேன் பாப்பா. வீட்டுல தொறக்கல, அதான் எங்க வீட்டுக்கு வந்தான்னு சொன்னேன். சாரப் பத்தியா இப்படிச் சொல்லுதேன்னு அதுக்கும் சேத்து அடிச்சாங்க. அப்புறம் சொல்லுதத விட்டுட்டேன். பள்ளிக்கூடத்துல ஒரு பய பக்கத்துல உக்கார மாட்டான். பத்தாவது பரீட்சைக்கே போகல." இலை ஒன்றை எடுத்து நடுநரம்போடு மடித்தார், பிரித்தார். "அதுகூடப் பெருசில்ல. எங்கப்பா கடைசியா ஆஸ்பத்திரியில கெடக்கும்போது எல்லாரையும் வெளிய போகச் சொல்லிட்டு எங்கிட்டக் கேட்டாரு. நெசத்தச் சொல்லு மாசானம், நீதான கூட்டிட்டுப் போனேன்னு. இல்லப்பான்னேன். சரின்னாரு. நம்பல."

"நான் மன்னிப்பு..."

"நீ சொல்லி என்ன ஆகப்போகுது? நீ அன்னைக்கு இத்துணூண்டு பிள்ள. சொன்னவங்க வந்து சொல்லட்டும். எங்கிட்ட வேண்டாம். எங்கம்மாகிட்ட."

கிளம்பும்போது பணம் வாங்காமல் ஒரு கட்டு இலை கொடுத்தார். சாருக்கு இலையில் சாப்பிட்டால்தான் பிடிக்கும் என்றார்.

மே 17, சனி

இலையைப் பார்த்ததும் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. யார் கொடுத்தது என்று கேட்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். "நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க போவேன்?" என்றாள்.

"அவர் அந்த மூஞ்சியோடதான் அந்த ஊர்லயே இருந்திருக்காரு" என்றேன். அம்மாவிடம் நான் அப்படிப் பேசியதில்லை.

மதியம் அப்பாவுக்கு அந்த இலையில் சோறு போட்டோம். எல்லாவற்றையும் வழித்துச் சாப்பிட்டார்.

மே 20, செவ்வாய்

அப்பா: இடது கை விரல்களை மடக்கினார். செலின் அக்காவுக்கு ஒரே சந்தோஷம்.

அம்மா பூஜை அறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கும்பிட்ட மாதிரி தெரியவில்லை.

மே 25, ஞாயிறு

காலையில் எழுந்தால் அம்மா குளித்துப் புடவை கட்டித் தயாராக இருக்கிறாள். "செலின வரச் சொல்லியிருக்கேன், அப்பாவப் பாத்துக்கிடுவா. வா" என்றாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் என்னை உட்காரச் சொல்லாமல் தானே உட்கார்ந்துகொண்டாள். ஆறு வந்ததும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மாசானத்தின் வீடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். அவர் அம்மா பூவம்மாள் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. எழுந்திருக்கவில்லை. வா என்று சொல்லவில்லை. மாசானம் உள்ளிருந்து வந்து நிலைப்படியில் நின்றார்.

"சார் வீட்டம்மாவா?" என்றார் பூவம்மாள். "எங்க வந்தீக?"

அம்மா உள்ளே வந்து சொல்லட்டுமா என்று கேட்டாள்.

"நீங்க அன்னைக்கு உள்ள வச்சா சொன்னீக? ஊரையே கூட்டி வச்சுல்லா சொன்னீக. இங்கனயே சொல்லுங்க."

எதிர்வீட்டில் ஒருத்தி தண்ணீர்க் குடத்தோடு நின்றாள். பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அம்மா எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். எப்படியாவது இவள் மயங்கி விழுந்துவிட்டால் தேவலை என்றுகூட எனக்குத் தோன்றியது. விழவில்லை.

"உங்க மவன் என் மவனக் கூட்டிட்டுப் போகல" என்றாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள். "மாசானம் மேல ஒரு தப்பும் இல்ல. எம்பிள்ள பெயிலாயிட்டான்னு நாங்கதான் கதவ அடைச்சு வெளிய நிறுத்தினோம். அவன் தட்டினான், நாங்க தொறக்கல. போக இடமில்லாமத்தான் இங்க வந்தான். நான் பொய் சொன்னேன். எல்லாரும் சேந்து இவன அடிக்கும்போதும் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்."

என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

"இந்தப் பிள்ளைக்கு அப்ப அஞ்சு வயசு. அண்ணன் சத்தம் கேட்டுத் தொறக்கப் போனா. தாப்பாவத் தொட்டுட்டா. நாந்தான் இடுப்புல கையப் போட்டு இழுத்துட்டு வந்தேன். வாயப் பொத்தினேன். எம்பிள்ளைங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் கதவத் தொறக்கப் பாத்துச்சுங்க. நான் விடல."

இதை அம்மா எனக்கு அடுப்படியில் சொல்லவில்லை.

பூவம்மாள் கீரைத் தட்டைக் கீழே வைத்தார். அழவில்லை. "எம் வீட்டுக்காரரு இருக்கும்போது வந்திருக்கலாம்லா" என்றார். "ஒரே ஒரு வார்த்த. அத அவரு காதுல போட்டிருந்தா, மவன் மேல சந்தேகப்பட்டுக்கிட்டே போயிருக்க மாட்டாரே. இப்ப வந்து நான் என்ன செய்ய இத வச்சுக்கிட்டு?"

அம்மா காலில் விழக் குனிந்தாள். பூவம்மாள் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "வேண்டாம். எனக்கு அதெல்லாம் வேண்டாம். சொல்லிட்டீகள்லா, போயிட்டு வாங்க."

தண்ணீர் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எங்களால் குடித்திருக்க முடியாது.

மாசானம் பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்தார். அம்மா முன்னால் நடந்தாள். அவளிடம் அவர் பேசவில்லை. என்னிடம்தான் பேசினார்.

"அம்மா அப்படித்தான். நாளாகும்" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "உனக்கு ஒண்ணு சொல்லணும். சார்கிட்டயும் சொல்லு, புரிஞ்சா. அவன் சாகணும்னு போகல. ஊர்ல சிலபேரு அப்படியும் பேசிக்கிட்டாங்க. இல்ல. எங்க வீட்டுல பனங்கிழங்கு அவிச்சு வச்சுட்டு எல்லாரும் வேலைக்குப் போயிருந்தாங்க. ரெண்டு பேரும் தின்னோம். சிரிச்சுக்கிட்டேதான் இருந்தான். எங்கப்பாவுக்கு விளக்கு வச்சதும் கோவம் இறங்கிரும்லே, அதுவரைக்கும் ஆத்துல போய் உக்காந்திருப்போம்னான். பாறையில உக்காந்திருந்தோம். சரி, கால் நனைக்கலாம்னு எறங்கினான். மணல் அள்ளின குழி அங்க இருந்தது. எனக்குத் தெரியல. சட்டையப் பிடிச்சேன். சட்டைதான் கையில வந்துச்சு."

பஸ் வருவதற்குள் இன்னொன்றும் சொன்னார். அப்பா சாயங்காலம் அண்ணனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது இவரையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பாராம். காசு வாங்கியதில்லையாம். அந்த அரையாண்டில் மாசானம் கணக்கில் எடுத்தது தொண்ணூற்றாறு. படிப்பு ஏறாத பயல் என்றுதான் நான் கேட்டு வளர்ந்தேன்.

"அதான் சாருக்கு அவ்வளவு கோவம் போல" என்றார். "எங்க ரெண்டு பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்திருப்பாரு."

பஸ்ஸில் அம்மா என் தோளில் தலையைச் சாய்த்தாள். நான் விலகவில்லை. அதற்குமேல் எதுவும் செய்யவும் முடியவில்லை.

மே 26, திங்கள்

நேற்று வந்ததும் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். 16ஆம் தேதி மேல் தாழ்ப்பாள் என்று எழுதியிருக்கிறேன். அடிக்கவில்லை. இருக்கட்டும்.

மே 28, புதன்

அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாளாக அம்மாவும் நானும் மாறி மாறி யோசித்தோம். பேசிக்கொள்கிறோம் இப்போது, தேவையான அளவுக்கு.

இன்று சாயங்காலம் செலின் அக்கா போனபின் அப்பா தெளிவாக இருந்தார். தன் இடது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, அது தன் கைதானா என்று சோதிப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் காலடியில் உட்கார்ந்தேன். மாசானத்தைப் பார்த்தேன் என்றேன். கேட்டுக்கொண்டார். ஆற்றங்கரையில் நடந்ததை, பாறையில் உட்கார்ந்திருந்ததை, கோபம் இறங்கிவிடும் என்று அண்ணன் சொன்னதைச் சொன்னேன். முடித்தபின், எவ்வளவு புரிந்தது என்று தெரியாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பசியோட போகலையே?" என்றார்.

"இல்லப்பா. மாசானம் வீட்டுல பனங்கிழங்கு சாப்பிட்டிருக்கான்."

"அப்பச் சரி" என்றார். "அப்பச் சரி." கண்ணைத் துடைத்துக்கொண்டார், இடது கையால் முயற்சி செய்து முடியாமல், பிறகு வலது கையால்.

அம்மா காபி எடுத்துக்கொண்டு வந்தாள். அவளைப் பார்த்ததும் அப்பாவின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. நல்ல செய்தி ஒன்றைக் கேட்கத் தயாராவதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பய மாசானம் எந்தக் காலேஜுல சேந்திருக்கான்? கணக்கு எடுக்கச் சொல்லு. அவனுக்கு அது தானா வரும்."

நான் வாய் திறக்குமுன் அம்மா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"அவன் படிக்கலங்க" என்றாள். "நம்மதான் படிக்க விடல."